பத்து சதவீத வெளிச்சம்

ஊரார் வீட்டுக் கரண்டைக் கணக்கெடுப்பவரின் கையிலிருக்கும் போனில் நண்பகலுக்கு மேல் கரண்ட் இருக்காது. ரீடிங் அக்காவின் நான்கு வருட உத்தியோகத்தை இந்த ஒரு வரியில் சொல்லி முடித்துவிடலாம். மீதியெல்லாம் அந்தச் சார்ஜை இன்னும் ஒரு மணி நேரம் இழுத்துப் பிடிக்க அவர் பட்ட பாடுதான்.

தெருக்களில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. "ரீடிங் அக்கா வந்தாச்சு, கேட்டைத் தொறந்து விடு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். ஒரு நாளைக்கு நூற்றைம்பது வீடு. ஒவ்வொரு வீட்டிலும் மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று போனில் கம்பெனியின் செயலியைத் திறக்க வேண்டும். இந்த அம்மாள் உண்மையிலேயே அந்த வீட்டு வாசலில்தான் நிற்கிறாரா என்று அது முதலில் வானத்துச் செயற்கைக்கோளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். பிறகு மீட்டரைப் படம் எடுக்க வேண்டும், எண்ணைத் தட்ட வேண்டும். "சரிதானா?" என்று கேட்கும். "சரி" என்று அழுத்தினால் அடுத்த நிமிடம் வீட்டுக்காரரின் போனுக்குப் பில் போய்விடும். மீட்டர் மின்சார அலுவலகத்துடையது. செயலி, ரீடிங் எடுக்கும் வேலையை ஒப்பந்தத்தில் பிடித்த கம்பெனியுடையது. போன் மட்டும் அக்காவுடையது.

நான்கு வருடம் வெயிலில் வெந்த பேட்டரி, புதிதாக இருந்தபோது பிடித்ததில் பாதிதான் பிடிக்கும். இது வேதியியல். இதில் யாருடைய ஒழுக்கத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் கம்பெனி இதை ஒழுக்கப் பிரச்சினையாகத்தான் பார்த்தது. "பேட்டரியைப் பேணுவோம்" என்று தலைப்பிட்டுப் பதினோரு விதிகள் கொண்ட சுற்றறிக்கை ஒன்றை எல்லாருக்கும் அனுப்பியது. குளிரூட்டிய அறையில், சுவரில் சார்ஜரைச் சொருகியபடியே யாரோ எழுதியது என்பது வாசித்ததுமே தெரிந்துவிடும். மூன்றாம் விதி: திரையின் வெளிச்சத்தைப் பத்து சதவீதத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஐந்தாம் விதி: படம் எடுக்கும்போது பிளாஷ் போடக் கூடாது. ஏழாம் விதி: இருப்பிடம் காட்டும் வசதியை எப்போதும் அணைத்தே வைக்க வேண்டும். அதை அணைத்தால் கம்பெனியின் செயலி திறக்கவே திறக்காது என்பது ஏழாம் விதியை எழுதியவருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் அவருக்கு வெட்கமில்லை. ஒன்பதாம் விதி, தேவையற்ற செயலிகளை நீக்கச் சொன்னது. அக்காவின் போனில் பேட்டரியை அதிகம் தின்றது எது என்று போனே பட்டியல் போட்டுக் காட்டும்: கம்பெனியின் செயலி, எழுபத்தொரு சதவீதம். அதை நீக்கலாமா என்று கேட்க அவருக்கு ஆசைதான்.

பதினோராம் விதிதான் சுற்றறிக்கையின் உயிர். "பேட்டரி தீர்ந்து பணி தடைபட்டால் அது பணியாளரின் கவனக்குறைவாகக் கருதப்படும்."

மேலே இருப்பவர்கள் இப்படி விதி போட்டால், கீழே இருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? அவர்கள் ஒரு மதத்தையே உண்டாக்கினார்கள். பக்கத்துப் பிரிவில் ரீடிங் எடுக்கும் பெல்ட் அண்ணன் அதற்குத் தலைமைப் பூசாரி. போனை இடுப்புப் பெல்ட்டில் உறை போட்டு மாட்டியிருப்பதால் வந்த பெயர். தினமும் காலை ஆறு மணிக்கு வாட்ஸப் குழுவில் அவருடைய அருள்வாக்கு வரும். பேட்டரியைப் பூஜ்யம் வரை சாகவிட்டுப் பிறகு ஏற்றினால் அதற்குப் புது ரத்தம் ஊறும். ஒவ்வொரு வீட்டுக்கும் நடுவில் எல்லாச் செயலியையும் மூடித் திறந்தால் சார்ஜ் மிஞ்சும். போனின் முதுகுக்கும் கவருக்கும் நடுவே வெள்ளித்தாள் வைத்தால் சூடு அண்டாது. எதையும் அவர் சோதித்துப் பார்த்ததில்லை, நம்பினார், அவ்வளவுதான். உண்மை இதற்கு நேர் எதிர். பூஜ்யம் வரை விட்டால் இந்தக் காலத்துப் பேட்டரிக்கு ஆயுள் குறையும். மூடி மூடித் திறந்தால் ஒவ்வொரு முறையும் செயலி முதலிலிருந்து எழுந்து கூடுதலாகத் தின்னும். வெள்ளித்தாள் வைத்தால் வெளியே போக வேண்டிய சூடு போக வழியில்லாமல் உள்ளேயே வேகும். ஆனால் இதையெல்லாம் சொல்லும் ஆளுக்குக் குழுவில் யாரும் கைகூப்பும் பொம்மை போடுவதில்லை.

அக்கா எல்லாவற்றையும் செய்தார். முட்டாள் என்பதால் அல்ல. பிடிப்பதற்கு வேறு எதுவும் இல்லாதவர்கள் கையில் கிடைத்ததைப் பிடிப்பார்கள்.

வீட்டிலும் போனுக்கு வைத்தியம் நடந்தது. இரண்டு அறை, பிரிட்ஜுக்குப் போக ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதில் மிக்ஸியும் இஸ்திரிப் பெட்டியும் நாத்தனாரின் போனும் முறை வைத்து ஓடின. நாத்தனார் அழகு நிலையத்தில் வேலை செய்பவர், உலகத்தில் எல்லாப் பொருளையும் குளிர வைத்தால் நீடிக்கும் என்ற கொள்கையுடையவர்.

"அண்ணி, ராத்திரி அதை பிரிட்ஜுல வைங்க. காலைல புதுசு மாதிரி இருக்கும். எங்க கடைல கிரீமெல்லாம் அப்படித்தான் வைக்கிறோம்."

"கிரீமுக்கு சிம் கார்டு இருக்கா?" என்றார் அக்காவின் கணவர். பேருந்துப் பணிமனையில் டயர் கழற்றுபவர். கூப்பிட்ட நாளில்தான் வேலை. மாதம் தவறாமல் அந்த வீட்டுக்குள் வரும் ஒரே சம்பளம் அக்காவுடையது.

"உங்களைக் கேட்டேனா அண்ணே? நீங்க டயரைப் பாருங்க."

"வை, வை. காலைல எடுத்துக் காபில போட்டுக் குடி."

அக்கா வைத்தார். பால் பாத்திரத்துக்கும் மாவு டப்பாவுக்கும் நடுவில் எட்டு நாள் போன் தூங்கியது. காலையில் எடுத்து வெளியே வைத்ததும் குளிர்ந்த தம்ளரைப் போல அது வியர்க்கும். அந்த வியர்வை கேமராக் கண்ணுக்கு உள்ளேயும் இறங்கிப் படலமாக நின்றுவிட்டது. மீட்டரைப் படம் எடுத்தால் மூடுபனியில் எடுத்தது போல வந்தது. சார்ஜ் தாங்கினால் போதும், படம் எப்படி வந்தால் என்ன என்று அக்கா நினைத்துக்கொண்டார். படத்தைக் கம்பெனியில் யாரும் பார்ப்பதில்லை. வம்பு வந்தால்தான் பார்ப்பார்கள்.

வம்பு, பெரிய கேட் போட்ட வீட்டிலிருந்து வந்தது. அந்த வீட்டுக்காரரைத் தெருவில் கேட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். வீட்டைவிடக் கேட் பெரியது. போர்டிகோவில் மஞ்சள் விளக்கு ஒன்று உச்சி வெயிலிலும் எரியும். விளக்குக்குக் கீழேயே சுவரில் ஒரு பிளக் பாயின்ட், சும்மா, காலியாக.

அன்றைக்கு அக்காவின் போனில் நான்கு சதவீதம் இருந்தது.

"சார், ஒரு பத்து நிமிஷம் இதுல சார்ஜ் போட்டுக்கட்டுமா? தெருவுல இன்னும் பதினெட்டு வீடு இருக்கு."

"இது என்ன பஸ் ஸ்டாண்டாம்மா? உனக்குக் குடுத்தா நாளைக்குக் கேஸ் சிலிண்டர் போடுறவன் கேப்பான், கூரியர்காரன் கேப்பான். கரண்ட் பில்லு யாரு கட்டுறது?"

"ஒரு யூனிட்டுல அம்பது தடவை போனை ரொப்பலாம் சார். பத்து நிமிஷத்துக்கு மீட்டர்ல எண்ணே மாறாது. மீட்டரைப் பாக்குறதே நான்தான்."

"எனக்கே கணக்குச் சொல்லித் தர்றியா? சீக்கிரம் பாத்துட்டுக் கிளம்பு."

தலைக்கு மேல் அந்த மஞ்சள் விளக்கு காலையிலிருந்து அக்காவின் போனை இருபது தடவை நிரப்பும் கரண்டை வெயிலுக்கு விருந்து வைத்துக்கொண்டிருந்தது. அக்கா சுற்றுச்சுவரில் இருந்த மீட்டருக்குப் போனார். வெயில் நேராக அடித்தது. போனின் திரை மூன்றாம் விதிப்படி பத்து சதவீதம். அதில் தெரிந்தது அக்காவின் முகமும் பின்னால் வானமும்தான். படம் எடுத்தார். விரல் பழக்கத்தில் எண்ணைத் தட்டினார். 42,716 என்பது 45,716 ஆகிவிட்டது. எண் பலகையில் இரண்டுக்கு நேர் கீழே இருப்பது ஐந்து. வழக்கத்தைவிட மிக அதிகம் என்று செயலி சிவப்பு எழுத்தில் எச்சரித்தது. பத்து சதவீத வெளிச்சத்தில் சிவப்பும் கறுப்பும் ஒன்றுதான். அக்கா "சரி" என்று அழுத்தினார். போன் அணைந்தது.

மூவாயிரம் யூனிட் கூடுதல். பில் பார்த்த கேட்டுக்காரர் மின்சார அலுவலகத்துக்கும் கம்பெனிக்கும் தனித்தனியாகப் புகார் எழுதினார். கம்பெனி படத்தைத் திறந்து பார்த்தது. மூடுபனி. "ஆதாரம் தெளிவாக இல்லாததால் கவனக்குறைவு முதல்நிலையில் உறுதியாகிறது, கள விசாரணைக்கு ஆஜராகவும்" என்று அக்காவுக்கு ஓலை வந்தது. அந்த மாதம் பிரிவுக்கு ஓர் ஆளைக் குறைக்கப்போகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். யாரைக் குறைக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அக்கா தானாகப் போய் மாட்டினார். விசாரணையில் தவறு நிரூபணமானால் வேலை போகும்.

"நீ வேணும்னேவா பண்ணே? போய் உள்ளதைச் சொல்லு" என்றார் கணவர்.

"உள்ளதைத்தாங்க அவங்க விதின்னு எழுதி வச்சிருக்காங்க. அதுபடி நடந்தேன்னு சொன்னா, கண்ணை யாரு மூடச் சொன்னான்னு கேப்பாங்க."

நாத்தனார் பிரிட்ஜிலிருந்து போனை எடுத்து, துடைத்து, அலமாரிக்கு மேல் வைத்தார்.

கள விசாரணைக்கு வந்தவர் டார்கெட் சார். பிரிவு மேலாளர். "டார்கெட்" என்ற சொல் இல்லாமல் அவருக்கு எந்தக் கூட்டமும் முடியாது. காலை பதினொரு மணிக்குக் கேட்டுக்காரர் வீட்டு மீட்டருக்கு முன்னால் மூன்று பேரும் நின்றார்கள்.

"இவங்களுக்கு எண்ணு படிக்கத் தெரியுமா தெரியாதா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார் கேட்டுக்காரர். "மூவாயிரம் யூனிட்டு. நான் என்ன வீட்டுக்குள்ள மில்லா வச்சிருக்கேன்?"

"மாத்திடலாம் சார். இப்பவே சரியான ரீடிங்கைப் பதிஞ்சிடுறேன், புது பில்லு வந்துடும்." டார்கெட் சார் அக்காவின் பக்கம் திரும்பினார். "உன் போனைக் குடும்மா. மறுபதிவு உன் போன்ல இருந்துதான் போகணும்."

அக்கா கொடுத்தார். "வெளிச்சத்தைக் கூட்டிக்கோங்க சார். வெயில்ல ஒண்ணும் தெரியாது."

"பாத்தீங்களா சார், இதுதான் பிரச்சினை." டார்கெட் சார் கேட்டுக்காரரைச் சாட்சிக்கு அழைத்தார். "பத்து சதவீதம்னு விதி போட்டா, அதுல வேலை செய்யப் பழகணும். மனசு வச்சா முடியும். எத்தனை சதவீதத்துல இருக்கு இது?"

"பத்துதான் சார்."

"அப்படியே இருக்கட்டும். எப்படிப் பண்றதுன்னு காட்டுறேன், பாத்துக்கோ."

அன்றைய ரீடிங் 42,790. அதை அவர் மீட்டரில் இரண்டு முறை சத்தமாகப் படித்தார். பிறகு போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். தூரமாக நீட்டினார். இடக்கையால் கூரை பிடித்தார். முதுகை வெயிலுக்குக் காட்டித் திரும்பினார். தட்டினார், நிமிர்ந்து பார்த்தார், மறுபடி குனிந்து தட்டினார். நெற்றியில் வியர்வை வழிந்து திரையில் ஒரு சொட்டு விழுந்தது. அதைச் சட்டையில் துடைத்தார். கடைசியில் கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்திவிட்டு வெற்றிப் பார்வை பார்த்தார்.

"முடிஞ்சுது. எவ்வளவு நேரம் ஆச்சு? ரெண்டு நிமிஷம்."

கேட்டுக்காரரின் சட்டைப் பையில் மணி அடித்தது. போனை எடுத்துப் படித்தவர் மீட்டர் பெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னய்யா இது? முப்பதாயிரம் யூனிட்டு ஏறிருக்கு."

நான்கு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு. எண் பலகையில் நான்குக்கு நேர் கீழே இருப்பது ஏழு. சிவப்பு எழுத்து எச்சரிக்கை வந்திருக்கும். "சரி" என்று அழுத்தியது மேலாளரின் கட்டை விரல்.

"கை தவறிடுச்சு சார்" என்றார் டார்கெட் சார்.

"எனக்கும் அதேதான் சார் ஆச்சு" என்றார் அக்கா. "நீங்க பண்ணா கை தவறுது. நான் பண்ணா கவனக்குறைவு."

"அது வேற, இது வேறம்மா."

"என்ன வேற சார்? அதே மீட்டர், அதே வெயில், அதே போனு. எனக்காவது மூவாயிரத்தோட போச்சு."

கேட்டுக்காரருக்கு அக்காவின் மீது திடீரென்று அன்பு பிறந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். அவருக்குப் பிறந்தது முப்பதாயிரம் யூனிட் பயம். அந்தப் பில்லை ரத்து செய்ய வேண்டுமானால் தவறு எப்படி நடந்தது என்று கம்பெனி தன் கையால் எழுதித் தர வேண்டும். அவர் கேட்டை இழுத்துச் சாத்தினார்.

"எழுதுங்க. வெயில்ல திரை தெரியல, அதனால தப்பா பதிவாச்சு, மேலாளரே பதிஞ்சும் தப்பாச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் இங்கருந்து போகணும்."

"சார், ஆபீஸ்ல போய்..."

"இங்க. இப்ப. பேனா நான் தர்றேன்."

ஏழைக்கு நியாயம் சில நேரம் இந்த வழியாகத்தான் வருகிறது: வசதியானவனுக்கும் அதே அடி விழும் தருணத்தில். அப்படி வந்த நியாயத்தை வாங்கிக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. அக்கா வெளிச்சத்தை முழுசாகக் கூட்டி மூன்றாவது முறையாக ரீடிங்கைப் பதிந்தார். சரியாகப் போனது. கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கி, நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கையெழுத்துப் போட்ட கடிதம் இருந்ததால் அக்காவை அனுப்ப முடியவில்லை. ஆனால் யார் மீதாவது குற்றம் சுமத்தாமல் விசாரணை அறிக்கையை முடிக்கும் வழக்கம் கம்பெனிக்குக் கிடையாது. அறிக்கையின் கடைசி வரி: "தவறுக்குக் காரணம் அன்றைய தினம் நிலவிய அதிகப்படியான சூரிய ஒளி." நல்லவேளை, சூரியனுக்கு ஓலை அனுப்பவில்லை. கூடவே மூன்றாம் விதி திருத்தப்பட்டு வந்தது: "திரையின் வெளிச்சத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக்கொள்ளவும், பேட்டரியையும் சேமிக்கவும்." இரண்டையும் எப்படி ஒன்றாகச் செய்வது என்பது வழக்கம்போலப் பணியாளரின் சாமர்த்தியத்துக்கு விடப்பட்டது.

அக்கா முதல் பாதியை எடுத்துக்கொண்டார். முழு வெளிச்சம். எந்த எண்ணும் தவறவில்லை. பதினொன்றே முக்காலுக்குப் போன் அணைந்தது. முன்பெல்லாம் அணைந்ததும் வீடு வீடாகப் போய்ப் பிளக் பாயின்டுக்குக் கெஞ்சுவார். இப்போது கெஞ்சவில்லை. மூடிய கடையின் நிழலில் உட்கார்ந்து, கடைசியாகப் பார்த்த வீட்டின் எண்ணையும் நேரத்தையும் பதினோராம் விதி கேட்டால் காட்ட ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்துவிட்டுச் சாப்பாட்டுப் பையைப் பிரித்தார்.

செய்தி குழுவில் பரவியது. இன்னும் ஏழு பேர் அதே மாதிரி நோட்டு போட்டார்கள். பெல்ட் அண்ணன் மட்டும் உருளைக்கிழங்கை வெட்டிப் போனின் முதுகில் கட்டும் புதிய முறை ஒன்றைச் சிபாரிசு செய்தார். அந்தச் செய்திக்கு வழக்கமாக விழும் கைகூப்பு அன்று விழவில்லை. ஒருவர் மட்டும் "வறுத்ததா, வேகவச்சதா?" என்று கேட்டிருந்தார்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அக்காவின் பகுதியில் இருநூற்றுப் பதினான்கு வீடு பாக்கி. டார்கெட் சார் போன் செய்தார். அணைந்த போனுக்கு எப்படி மணி அடிக்கும்? பன்னிரண்டரைக்குப் பைக்கில் தேடிக்கொண்டு அவரே வந்தார். அக்கா மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, உக்காந்துட்டே? டார்கெட்டுக்கு இன்னும் இருநூறு வீடு இருக்கு. மேல இருந்து என் கழுத்தை நெரிக்கிறாங்க."

"சார்ஜ் இல்ல சார்."

"பக்கத்து வீட்டுல எங்கயாவது..."

"கேக்கலாம் சார். ஆனா நம்ம போன் பேட்டரிய நம்ம கம்பெனி செயலி தின்னு தீக்குது, அதுக்கு நீங்க கரண்ட் தாங்கன்னு சொல்லிக் கேக்கணும். சொல்லவா?"

டார்கெட் சார் தோள் பையைத் திறந்து தன்னுடைய சொந்த பவர் பேங்கை எடுத்தார். கறுப்பாக, செங்கல் கனத்தில் ஒன்று.

"இந்தா. இதை மாட்டிக்கிட்டு ஓடு. இது என்னுது, பத்திரம்."

"ஒரு கைல போனு, ஒரு கைல மீட்டர் பெட்டிக் கதவு. இதை எதுல சார் பிடிக்கிறது?"

"பையில போட்டுக்கோ."

"கேபிள் முழம்கூட இல்ல சார். பையில போட்டா போனு மேல வராது." அக்கா கை கழுவிவிட்டு எழுந்தார். "நீங்க பிடிங்க."

வேறு வழியில்லை. அக்கா முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கேபிளின் மறுமுனையில், பவர் பேங்கை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, மேலாளர் பக்கவாட்டில் நடந்தார். அக்கா குனிந்தால் அவரும் குனிய வேண்டும். அக்கா மீட்டருக்கு எக்கினால் அவரும் எக்க வேண்டும். குறுகலான கேட்டில் யார் முதலில் நுழைவது என்று இரண்டு தடவை நின்று யோசிக்க வேண்டியிருந்தது. ஆறாவது வீட்டிலேயே அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

பத்தாவது வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தார்.

"யாருக்கா இவரு? புதுசா சேந்திருக்காரா?"

"எங்க மேலாளரும்மா."

"அப்படியா? ஏன் அதைத் தூக்கிட்டு வர்றாரு?"

"பேட்டரியைப் பேணுறாரு" என்றார் அக்கா.

மாலைக்குள் அறுபத்து மூன்று வீடு முடிந்தது. இருபத்தேழாவது வீட்டுக்குப் பிறகு டார்கெட் சார் ஒரு படியில் உட்கார்ந்து, "ஒரு அஞ்சு நிமிஷம்மா" என்றார். அக்கா நின்றார். கேபிள் அவ்வளவுதான் நீளம்.

மறுநாள் காலை டார்கெட் சார் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். ரீடிங் எடுக்கும் ஒவ்வொருவருக்கும் கம்பெனிச் செலவில் பவர் பேங்க், கேபிள் நீளம் குறைந்தது ஒரு மீட்டர். காரணம் என்ற இடத்தில் முழங்கால் வலி என்று எழுதவில்லை. உற்பத்தித் திறன் என்று எழுதினார். நான்கு வருடமாக ரீடிங் எடுக்கும் இருபத்திரண்டு பேர் கேட்டும் கிடைக்காதது, ஒரு மேலாளர் ஒரு மத்தியானம் நடந்ததில் மூன்றே வாரத்தில் வந்து சேர்ந்தது.